10-க்கு 12 ரூமுக்கு எத்தனை லிட்டர் பெயின்ட்? எந்த பிரஷ்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க!

``ஒரு ரூம்தானே... அதுக்கு எதுக்கு ஆளு? நாமளே அடிச்சிடலாம்!"

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இப்படிச் சொன்னபோது வீட்டில் யாரும் மறுப்பு சொல்லவில்லை. தை மாதக் கடைசியில் அக்காவுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளும் குழந்தையும் தங்கப்போவது பின்பக்க ரூம். பத்து வருடமாக பெயின்ட் பார்க்காத ரூம் அது. அம்மாவுக்கு அந்தக் கவலை. எனக்கோ, யூடியூபில் நாலு வீடியோ பார்த்த தைரியம்.

அந்த தைரியம் பெயின்ட் கடை வாசல் வரைக்கும்தான் இருந்தது. ``எமல்ஷனா, டிஸ்டம்பரா தம்பி?" என்றார் கடைக்காரர். முழித்தேன். ``பட்டி பார்த்த சுவரா? இதுக்கு முன்னாடி என்ன அடிச்சிருந்தீங்க? எத்தனை சதுர அடி வரும்?" அடுத்தடுத்து கேள்விகள். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எதையாவது வாங்கித் தொலைப்போம் என்று ஒரு வாளி எமல்ஷனும், இருப்பதிலேயே விலை குறைந்த 4 இன்ச் பிரஷ் ஒன்றும் வாங்கிவந்து அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன். ஒரு பக்கச் சுவர் முடிவதற்குள் பிரஷ்ஷிலிருந்து கொட்டிய முடி சுவரெங்கும் ஒட்டிக்கொண்டது. அதைக்கூட மன்னித்துவிடலாம். நாலாவது நாள் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டால் ஒரு கை அகலத்துக்கு உரிந்து வந்தது.

எங்கள் தெருவில் பல வருடமாக பெயின்டிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினோம். பெயின்ட் வாளியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். ``சுவர் தண்ணியா இருக்கு தம்பி. இது மேல எந்த பெயின்ட் அடிச்சாலும் காசு வேஸ்ட்" என்றார். அவரிடம் கேட்டு, நானே படித்து, பிறகு அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் பெயின்ட் அடிக்கும் மாதம்தான் சுவர் ஈரமாக இருக்கும் மாதம்!

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் பெயின்ட் பார்ப்பது பொங்கலை ஒட்டித்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை பெய்கிறது. மூன்று மாதம் நனைந்த சுவர் மூச்சு விடுவதற்குள் போகி வந்துவிடுகிறது. வெளியே வெயில் அடிப்பதைப் பார்த்து சுவர் காய்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சிமென்ட் பூச்சு உள்ளே குடித்த தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் விடாது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால், வெளியே வர வழியில்லாத ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எங்கள் ஜன்னலடியில் வந்த அப்பளம் அதுதான்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரை வெட்டி, சந்தேகப்படும் இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். கவரின் உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் பூத்திருந்தால் அது ரூம் காற்றில் இருக்கும் ஈரம். ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டால் சரியாகிவிடும்.

வெள்ளையாகப் பொடி கிளம்பி `உப்பு பூத்த' சுவர் என்றால் உள்ளே எங்கேயோ தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுரண்டிவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய், பக்கத்து பாத்ரூம் சுவர், ஜன்னல் சன்ஷேடின் விரிசல்... இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு வெளியே, திண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூல் விரிசல். கொத்தனாரை வைத்து அதைப் பூசியதோடு, உப்பிய இடத்தையும் சுரண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டோம். அம்மாதான் தவித்துப்போனார். ``வளைகாப்புக்கு ஆளுங்க வர்ற நேரத்துல சுவரு சொறி புடிச்ச மாதிரி நிக்குதே!" என்று தினமும் ஒரு புலம்பல். ஜனவரி மூன்றாவது வாரம் மறுபடி கவர் ஒட்டிப் பார்த்தபோது உள்பக்கம் காய்ந்திருந்தது. குடியரசு தின விடுமுறையில் வேலையை ஆரம்பித்தோம்.

புது வீடு கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சு வேலை முடிந்து, தண்ணீர் காட்டி, குறைந்தது 28 நாளாவது ஆன பிறகே பட்டி, பிரைமர் எல்லாம். கிரகப்பிரவேசத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பிறகு பெயின்டரை விரட்டுவதில்தான் பல புது வீட்டுச் சுவர்கள் ஒரே வருடத்தில் உரிகின்றன.

உள்ளங்கையில் மாவு ஒட்டுகிறதா?

ஈரம் இல்லை என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, பழைய சுவரில் இருப்பது என்ன? கையால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாகவோ கலராகவோ மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். அதன்மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், பெயின்ட் பிடித்துக்கொள்வது சுவரை அல்ல, அந்த மாவை. மாவு உதிரும்போது பெயின்டும் கூடவே வரும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துடைத்து, பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகுதான் எமல்ஷன். கையில் ஒன்றும் ஒட்டாத, உரியாத பழைய எமல்ஷன் சுவர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கழுவித் துடைத்து, லேசாக உப்புத்தாள் ஓட்டி, பட்டி வைத்து அடைத்த இடங்களில் மட்டும் பிரைமர் தொட்டால் போதும்.

இது அப்பாவுக்குப் புரியவே இல்லை. அவர் காலத்தில் வெள்ளையடிப்பது என்றால் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, நார் மட்டையால் இழுத்துவிடுவதுதான். வருடா வருடம் அதன்மேலேயே அடிக்கலாம், சுண்ணாம்பு கோபித்துக்கொள்ளாது. சுவரின் ஈரத்தையும் அது வெளியே விட்டுவிடும். எமல்ஷன் அப்படி இல்லை. காய்ந்ததும் சுவர்மேல் ஒரு மெல்லிய தோலாக நிற்பது அது. தோலுக்கு அடியில் இருப்பதைப் பொறுத்துதான் அதன் ஆயுள்.

டிஸ்டம்பரா, எமல்ஷனா?

டிஸ்டம்பர் விலை குறைவு. வாடகை வீடு, ஸ்டோர் ரூம், வருடம் ஒருமுறை அடித்துக்கொள்ளும் இடம் என்றால் தாராளமாக அடிக்கலாம். ஆனால், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கரையும். குழந்தை இருக்கும் ரூமுக்கு, கறை பட்டால் ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷன்தான் சரி. எமல்ஷனிலேயே விலை குறைந்தது, நடுத்தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு கம்பெனியும் நாலைந்து படிகள் வைத்திருக்கிறது. சுவருக்கு நடுத்தரமாவது எடுங்கள். சீலிங்குக்கு விலை குறைந்த வெள்ளை போதும், அதை யாரும் தொட்டுத் துடைக்கப்போவதில்லை. பளபளப்பான ஃபினிஷ் துடைக்கச் சுலபம்தான், ஆனால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். பட்டி சரியாக வராத பழைய சுவருக்குப் பளபளப்பு குறைந்த மேட் ஃபினிஷ் நல்லது.

எவ்வளவு வாங்குவது? 10-க்கு 12 அடி ரூம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கச் சுற்றளவு 44 அடி. அதை 10 அடி உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு ஜன்னலுக்கு 16 கழித்தால் சுமார் 400. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்கு வைத்தால், 4 லிட்டர். சீலிங் 120 சதுர அடி தனி. இது மோட்டாக் கணக்குதான். உயர்தர பெயின்ட் இன்னும் அதிக இடம் வரும், சொரசொர சுவர் அதிகம் குடிக்கும். வாளியின் மேலேயே எத்தனை சதுர அடி வரும் என்று போட்டிருப்பார்கள். ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்பதைச் சேர்த்துப் படியுங்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பதும் அதே வாளியில் இருக்கும். ``கொஞ்சம் லூஸா கலந்தா இன்னொரு சுவருக்கு வரும்" என்ற ஆசை வேண்டாம். அடியில் இருக்கும் நிறம் தெரியும், மூன்றாவது கோட் அடிக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். கண்ணளவு கூடாது, வீட்டில் ஒரு பழைய மக் இருந்தால் அதில் அளந்து ஊற்றுங்கள்.

கலர் மெஷினில் கலக்கி வாங்குவதாக இருந்தால் முழு அளவையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். ஒருமுறை கலக்கியதைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால், கொஞ்சமாக வாங்கிப் பார்ப்போம் என்று தோன்றும். அடுத்த வாரம் அதே நம்பரைச் சொல்லி வாங்கும் பெயின்ட் ஒரு பொட்டு வித்தியாசமாக வந்தாலும், நடுச்சுவரில் கோடு தெரியும். இரண்டு டப்பா என்றால் இரண்டையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஷேட் கார்டில் பார்த்த நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது கூடுதல் அழுத்தமாகத் தெரியும். பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிர் நிறத்தை எடுப்பது பெரும்பாலும் தப்பாகாது. ஒரு வெள்ளை சார்ட்டில் அடித்து, காயவைத்து, பகலில் ஜன்னல் பக்கத்திலும், ராத்திரி எல்.இ.டி வெளிச்சத்திலும் வைத்துப் பாருங்கள். அக்கா வீடியோ காலில் தேர்ந்தெடுத்த பச்சை, எங்கள் வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பாசி நிறமாக மாறியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு சங்கதி. சில பெயின்ட் வாளிகளுக்குள் பெயின்டர்களுக்கென்று கம்பெனி ஒரு டோக்கன் வைத்திருக்கும். அதை அவர்கள் பணமாக்கிக்கொள்ளலாம். நம் பெயின்டர் ஒரு குறிப்பிட்ட பெயின்டையே வாங்கச் சொன்னால் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். நாள் முழுக்க ஏணியில் நிற்பவருக்கு அது ஒரு சின்ன வருமானம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான். நீங்களே அடிப்பதாக இருந்தால் வாளியைத் திறந்ததும் டோக்கனை எடுத்துவிடுங்கள்; நான் பார்க்காமல் கலக்கியே விட்டேன்.

பிரஷ் முடியில் நுனி பிளந்திருந்தால் சந்தோஷப்படுங்கள்!

பெயின்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு பிரஷ்ஷில் 50 ரூபாய் மிச்சம் பிடிப்பதுதான் நம் வழக்கம். என் வழக்கமும் அதுதான். கொட்டும் முடி காயும் பெயின்டில் மாட்டிக்கொண்டால், பிறகு அதை எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து கோடாகப் பெயரும்.

முதலில், முடி எதனால் ஆனது என்று பாருங்கள். பன்றி முடியில் செய்த பிரஷ் எண்ணெய் சேர்ந்த எனாமலுக்கும் வார்னிஷுக்கும் அருமையானது. ஆனால் எமல்ஷனில் இருக்கும் தண்ணீரை அந்த முடி குடித்து, ஊறி, ஈரத் துடைப்பம் மாதிரி துவண்டுவிடும். எமல்ஷனுக்கு நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை பிரஷ்தான் சரி. கடையில் கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் முதல் வகைதான் கைக்கு வரும். ``தண்ணி பெயின்டுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, கடையிலேயே சில சோதனைகள். முடியை லேசாகப் பிடித்து இழுங்கள். ஒன்றிரண்டு வருவது சகஜம், கொத்தாக வந்தால் வைத்துவிடுங்கள். உள்ளங்கையில் அழுத்தி எடுத்தால் வளைந்த முடி பழையபடி நிமிர வேண்டும். முடியை விரித்து நடுவில் பாருங்கள். உள்ளே இருக்கும் மரத்துண்டு அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது முடிக்கு அல்ல, இடைவெளிக்கு. கடைசியாக முடியின் நுனி. தலைமுடியில் நுனி பிளந்தால் கவலைப்படுவோம். பிரஷ்ஷில் பிளந்திருந்தால்தான் பெயின்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடு விழாமல் பரப்பும். கத்தரித்த மாதிரி மொட்டையாக இருக்கும் நுனி, சுவரில் கோலம் போடும்.

ஒரு ரூமுக்கு பிரஷ் அதிகம் தேவையில்லை. சுவரும் சீலிங்கும் சேரும் ஓரம், சுவிட்ச்போர்டைச் சுற்றி, கதவு நிலை ஓரம் ஆகியவற்றுக்கு 2 இன்ச். ஜன்னல் கம்பிக்கு 1 இன்ச். சமமான சுவர் முழுக்க 9 இன்ச் ரோலர். பைப்புக்குப் பின்னால், பீரோ நகர்த்த முடியாத சந்துக்கு 4 இன்ச் குட்டி ரோலர். புதிதாகக் கைவைப்பவர்களுக்குப் பெரிய பிரஷ்ஷைவிட ரோலர்தான் கைகொடுக்கும். பெரிய பிரஷ்ஷில் ஒரே அழுத்தத்தில் இழுப்பதற்குப் பல வருடக் கை வேண்டும்.

ரோலரிலும் வித்தியாசம் உண்டு. வழவழப்பான சுவருக்குக் குட்டையான இழை. சொரசொரப்பான சுவருக்கு நீள இழை, அப்போதுதான் பள்ளங்களுக்குள் பெயின்ட் போகும். ஸ்பாஞ்ச் ரோலர் மலிவு. வேகமாக உருட்டினால் குட்டிக் குட்டிக் குமிழ் விடும். புது ரோலரை அப்படியே பெயின்டில் முக்கக் கூடாது. செல்லோ டேப்பைச் சுற்றி ஒட்டி உரித்தால் தளர்ந்த பஞ்செல்லாம் வந்துவிடும். கம்பு மாட்டும் ரோலராக வாங்கினால் சீலிங்குக்கு ஏணி ஏறி இறங்கும் வேலை பாதியாகக் குறையும்.

பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும். ஓரத்தை பிரஷ்ஷால் அடித்து, அது காய்வதற்குள் ரோலரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் சட்டம் போட்ட மாதிரி கோடு தெரியாது. அதனால் நாலு சுவரின் ஓரத்தையும் முதலில் அடித்துவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். ஒவ்வொரு சுவராக முடியுங்கள். நடுவில் டீ குடிக்க எழுந்தால் பிரஷ்ஷைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள். தண்ணீர் வாளிக்குள் தலைகீழாக நிறுத்தினால் முடி வளைந்துவிடும்.

ஜன்னலைச் சுரண்டும் முன் ஒரு நிமிஷம்!

சுவர் முடியும் நேரத்தில்தான் நான் ஒரு பெரிய தப்பைச் செய்யப் பார்த்தேன். ஜன்னல் மரச்சட்டத்தில் பழைய பச்சை எனாமல். வீடு கட்டிய 2001-லிருந்து இரண்டு மூன்று முறை அடித்தது. உப்புத்தாளை எடுத்து வரட்டு வரட்டென்று தேய்க்க ஆரம்பித்தேன். அன்றைக்குப் பார்த்து, டாக்டரைப் பார்க்க வந்த அக்கா ரூம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தூசி ரூம் முழுக்கப் பறந்தது. பெயின்டர் அண்ணன்தான், ``பாப்பாவ முதல்ல வெளிய போகச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது தூசிக்காக. ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் அதைவிடப் பெரியது என்று தெரிந்தது.

பழைய எனாமல் பெயின்ட்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்களில், லெட் எனப்படும் காரீயம் அதிகம் இருந்திருக்கிறது. வீட்டு உபயோக பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2016-ல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ம் தேதி. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எல்லாமே சந்தேகப்பட்டியலில்தான் வரும். காரீயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூசியாக மூக்கிலும் வாயிலும் போனால் ரத்தத்தில் கலக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சுவர் எமல்ஷனில் இந்த பயம் குறைவு. எனாமல் விஷயத்தில் செய்ய வேண்டியது சுலபம்தான். பழைய பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் மரம் தெரியும் வரை சுரண்டத் தேவையே இல்லை. சோப்புத் தண்ணீரால் கழுவி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து லேசாகத் தேய்த்தால், புது பெயின்ட் பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வழியும் சேற்றைக் காய்வதற்கு முன் பழைய துணியால் துடைத்து, துணியோடு கட்டிப் போட்டுவிட வேண்டும். மெஷின் வைத்துத் தேய்ப்பது, நெருப்பு காட்டி உரிப்பது இரண்டும் வேண்டாம். வேலை செய்பவர் என்95 மாஸ்க் போட வேண்டும். கர்ச்சீப் கட்டுவது கண்துடைப்பு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து, தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து முடிக்கும் வரை அந்தப் பக்கமே வரக் கூடாது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும். பெரிய அளவில் உரிந்து தொங்கும் பழைய எனாமல் என்றால் நீங்களே இறங்காமல், இதெல்லாம் சொல்லிச் செய்யவைக்கக்கூடிய ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும் எனாமல் டப்பாவில் காரீய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமலும் இப்போது கிடைக்கிறது. டர்பன்டைன் வாடை இல்லாததால் நாங்கள் அதையே ஜன்னலுக்கு எடுத்தோம். வாடை குறைவு என்பதற்காக அன்று ராத்திரியே அங்கே படுத்துவிட வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துபோட்டு, ஃபேன் ஓடவிட்டு, வாடை சுத்தமாகப் போகும் வரை சில நாள் விடுங்கள். சுவரைத் துடைக்கத் துணியோடு கிளம்பும் அம்மாக்கள் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். முழுசாக இறுகுவதற்கு நாளாகும்.

அக்கா அன்று நின்றது இரண்டு நிமிடம்கூட இருக்காது. இருந்தாலும் மறுநாளே அவளுடைய டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டோம். வளைகாப்பு முடிந்து அவள் வந்தபோது பெயின்ட் வேலை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஜன்னலடியில் உப்பல் இல்லை. பீரோவுக்குப் பின்னால் மட்டும், நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த பழைய கோட்டில் நாலு பிரஷ் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாருக்கும் காட்டவில்லை.

மிச்சமான அரை லிட்டர் எமல்ஷனை ஒரு சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடி, மூடியின் மேல் ஷேட் நம்பரையும் தேதியையும் மார்க்கரால் எழுதி பரணில் வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு வருடத்தில் சுவரில் கிறுக்க ஒரு ஆள் வந்துவிடும்.